ட்ராவல் ட்ரெய்லர் இழுக்க எஃப்-150 போதுமா, 2500 டீசல்தான் வாங்க வேண்டுமா?

கேட்டவர் டென்வர் பக்கம் குடியிருக்கிறார். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கோடையில் ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் ஆறு பேர். 28 அடி ட்ராவல் ட்ரெய்லர் (ட்ரக் இழுத்துப்போகும், தங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், சாமான் ஏற்றிய பிறகு அதன் அதிகபட்ச எடை 7,600 பவுண்ட். ட்ரக் விற்பவர் ஃபோர்டின் எஃப்-150 பதினோராயிரம் பவுண்ட் இழுக்கும், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்கிறார். ஆபீஸ் நண்பர் 2500 டீசலுக்குக் கீழே பார்க்கவே கூடாது என்கிறார். 2500 என்பது எஃப்-150-ஐவிடக் கனமான ட்ரக் வகை, ஃபோர்டில் அதை எஃப்-250 என்பார்கள்.

நானும் கொலராடோவில்தான் இருக்கிறேன், இதே அளவு ட்ரெய்லரைத்தான் பெட்ரோல் 2500-இல் இழுக்கிறேன். இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, வாங்கப்போகும் ட்ரக்கின் டிரைவர் கதவைத் திறந்து பாருங்கள். கதவு பூட்டிக்கொள்ளும் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவு, காற்றழுத்தம் எல்லாம் போட்டிருப்பார்கள். அதற்கு நடுவில், ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை கிலோ அல்லது இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி. அதுதான் அந்த ட்ரக்கின் பேலோட். விளம்பரத்தில் வருவது அந்த மாடலின் மிகச் சிறந்த எண், ஸ்டிக்கரில் இருப்பது உங்கள் கண் முன்னால் நிற்கும் வண்டியின் எண். ஒரே வருஷத்து எஃப்-150, ஒன்றில் 1,350 போட்டிருக்கும், பக்கத்தில் நிற்பதில் 1,900 இருக்கும். சன்ரூஃப், பெரிய வீல், நாலு சக்கர டிரைவ், மின்சார சீட் என்று ஒவ்வொன்றாக ஏற ஏற வண்டியின் சொந்த எடை கூடுகிறது, அந்த அளவுக்கு நீங்கள் ஏற்றக்கூடியது குறைகிறது. விலை கூடின ட்ரக்குக்குத் தாங்கும் சக்தி குறைவாக இருப்பது முதலில் நம்பவே முடியாது, ஆனால் அதுதான் உண்மை.

சரி, இழுப்பதற்கும் பேலோடுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ட்ராவல் ட்ரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரத்தின் மேலேயே நிற்பதில்லை. ஒரு பங்கு முன்னால் நீண்டிருக்கும் நாக்கு வழியாக ட்ரக்கின் பின்னால் இருக்கும் ஹிட்ச் என்ற இணைப்பின் மேல் உட்காருகிறது, இதை டங் வெயிட் என்பார்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், கணக்குக்கு 13 வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ட்ரெய்லருக்கு அது ஏறக்குறைய 1,000 பவுண்ட், அதாவது 450 கிலோ. இந்த எடையை ட்ரக் சுமக்கிறது, எனவே அது பேலோடிலிருந்துதான் கழியும்.

இப்போது கூட்டுவோம். டங் வெயிட் 1,000. நாக்கின் பாரத்தை ட்ரக்கின் முன்சக்கரத்துக்கும் ட்ரெய்லர் சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் 90. நீங்கள் நாலு பேர் 550. ட்ரக் தொட்டியில் கூலர், விறகு, பிள்ளைகளின் சைக்கிள் என்று 150. மொத்தம் 1,790. அப்பா அம்மாவும் ஏறிக்கொண்டால் 2,090. ஸ்டிக்கரில் 1,600 போட்ட எஃப்-150 இங்கேயே முடிந்துபோகிறது. பதினோராயிரத்தில் இன்னும் 3,400 பவுண்ட் மிச்சம் இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார், அந்த மிச்சம் உங்களுக்கு எதற்கும் உதவாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இழுவை எண் தீர்வதற்கு முன்னால் பேலோட் தீர்ந்துவிடும்.

அந்த இழுவை எண் பொய் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஜே2807 என்று எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த சோதனை முறை இருக்கிறது. டொயோட்டா 2011-இலேயே டண்ட்ராவுக்கு அதைப் பின்பற்றியது, ஃபோர்டு, ஷெவ்ரோலே, ராம் எல்லாம் 2015 மாடல்களை ஒட்டி வந்து சேர்ந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கத்து மலைச் சாலையில் சுமார் 11 மைல், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுக்க ஓடவிட்டுக்கொண்டு, வேகம் 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். கடினமான சோதனைதான். ஆனால் ட்ரக்கில் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்ட் என்று கணக்கு, தொட்டி காலி, டங் வெயிட் 10 சதவீதம். பின்சீட்டில் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கான எண் அது இல்லை.

பேலோடை மிச்சப்படுத்த ட்ரெய்லரில் சாமானைப் பின்பக்கமாகத் தள்ளி அடுக்கினால் டங் வெயிட் குறையுமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கிக்கொண்டு மாடு தடுமாறுமே, இங்கேயும் அந்தக் கதைதான். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலையில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில் அடிக்கும் பக்கக் காற்றில், ஒரு செமி ட்ரக் உரசிக்கொண்டு முந்தும்போது அந்த ஆட்டம் தொடங்கினால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு. பாரம் முன்னால்தான் இருக்க வேண்டும், அதைத் தாங்குகிற ட்ரக்தான் வேண்டும்.

நம் வீட்டுச் சாமானைப் பற்றியும் ஒரு வார்த்தை. ட்ரெய்லர் பிரசுரத்தில் போடும் டங் வெயிட் காலி ட்ரெய்லருக்கானது. நாக்கின் மேலேயே உட்காரும் பேட்டரி பெரும்பாலும் அதில் சேராது, நிரம்பினால் ஒவ்வொன்றும் 37 பவுண்ட் வரும் இரண்டு புரொப்பேன் சிலிண்டர்களும் பல நேரம் சேராது. அப்புறம் நாம் ஏற்றுவதைப் பாருங்கள், 20 பவுண்ட் அரிசி மூட்டை, குக்கர் இரண்டு, இரும்புத் தோசைக்கல், இட்லிப் பானை, அம்மா வந்தால் டேபிள்டாப் கிரைண்டரும் ஏறும். இதெல்லாம் போகிற இடம் பெரும்பாலும் முன்பக்கத்துப் பெரிய சாமான் அறை, அதாவது நேராக நாக்கின் மேல். தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்ட், 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்ட், தொட்டி முன்னால் இருக்கும் மாடலா பின்னால் இருக்கும் மாடலா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் காலி எடையை வைத்து யாரும் கணக்குப் போடக் கூடாது, அதிகபட்ச எடையில் 13 சதவீதம் என்று போட வேண்டும்.

இனி நண்பரின் டீசலுக்கு வருவோம். 2500 வகை ட்ரக்குகளில் பலவற்றின் மொத்த அனுமதி எடையை (வண்டியும் அதில் ஏற்றுவதும் சேர்த்து) 10,000 பவுண்டில் நிறுத்தியிருப்பார்கள். டீசல் இன்ஜின் பெட்ரோலைவிடப் பல நூறு பவுண்ட் கனம். வண்டியின் சொந்த எடை 8,000-ஐ நெருங்கிவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது 2,000 சொச்சம்தான், சொகுசு மாடல் என்றால் அதுவும் இல்லை. நல்ல பேலோட் உள்ள எஃப்-150-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஏராளம். அதே 2500-இல் பெட்ரோல் இன்ஜின் எடுத்தால் ஸ்டிக்கரில் 3,000 பவுண்ட் சுலபமாகக் கிடைக்கும். ஷெவ்ரோலேயில் 6.6 லிட்டர் பெட்ரோல், ஃபோர்டில் 7.3, எதுவானாலும் 7,600 பவுண்ட் ட்ரெய்லருக்குத் தாராளம்.

டீசலுக்கு நியாயமான ஒரு வாதம் இருக்கிறது, அது மலை. டீசலில் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உண்டு. டர்போ இல்லாத இன்ஜின் உயரம் ஏற ஏற ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். டென்வரிலேயே 5,280 அடி, ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல், அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். என் பெட்ரோல் வண்டி அந்த ஏற்றத்தில் 45 மைல் வேகத்தில், இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்றில் கத்திக்கொண்டுதான் ஏறுகிறது. சத்தம் பழக வேண்டும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது, வலது ஓர லேனில் செமிக்களோடு சேர்ந்து போய்விடலாம். டர்போ இருக்கும் எஃப்-150 ஈக்கோபூஸ்ட் அதே இடத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஏறும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றித்தான் நான் யாரிடமும் அழுத்திச் சொல்வேன். சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தோர்ன் வரை 7 சதவீதச் சரிவு, பிரேக் போன லாரிகளுக்காக ஓரத்தில் சரளைக்கல் மேடு கட்டிவைத்திருக்கும் சாலை. அங்கே டோ ஹால் மோடை (இழுவைக்கு ஏற்றபடி கியர் மாற்றும் முறையை) போட்டு, சரிவு தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பாதி வழியில் பேட் கருகும் வாசனை வந்துவிடும். ஒரு தடவை உறுதியாக அழுத்தி வேகத்தை நன்றாகக் குறைத்து, முழுதாக விட்டுவிட்டு, மறுபடி தேவைப்படும்போது அழுத்துங்கள். இந்த வேலையில் புகைப்போக்கை அடைத்து இன்ஜினை வைத்தே வண்டியைப் பிடிக்கும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் மிகப் பெரிய வசதி, பெரிய பெட்ரோல் இன்ஜின் ஓரளவுக்குப் பிடிக்கும், சின்ன டர்போ இன்ஜின் அந்த அளவுக்குப் பிடிக்காது. மாதாமாதம் மலைக்குப் போகிறவர், 10,000 பவுண்டுக்கு மேல் ட்ரெய்லர் வைத்திருப்பவர் என்றால் டீசல் வாங்குங்கள் என்றே சொல்வேன், அதுவும் 2500-க்கு அடுத்த பெரிய வகையான 3500-இல். உங்களுக்கு அது தேவையில்லை.

2500-இல் வேறு கஷ்டமும் உண்டு. காலியாக ஓடும்போது பின்பக்கம் குதிக்கும், டவுன்டவுன் பார்க்கிங் கட்டடங்களில் உயரம் இடிக்கும், பல வீட்டு கராஜில் நுழையாது, சனிக்கிழமை இந்தியன் கடை வாசலில் நிறுத்த இடம் தேடுவது தனிப் பொறுமை. தினம் ஆபீஸுக்கும் இதே வண்டிதான் என்றால் வீட்டில் எல்லோரும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த 28 அடி ட்ரெய்லர்தான் வேண்டும் என்றால் பெட்ரோல் 2500 அல்லது எஃப்-250. எஃப்-150தான் வேண்டும் என்றால் ட்ரெய்லரை 23, 24 அடிக்கு இறக்குங்கள், அதிகபட்ச எடை 6,000 பவுண்டுக்குள். அப்போது டங் வெயிட் 780, மற்றதெல்லாம் சேர்த்து நாலு பேருக்கு 1,570. ஸ்டிக்கரில் 1,800-க்கு மேல் இருக்கும் வண்டியாகத் தேடிப் பிடித்தால் நிம்மதியாகப் போகலாம். பெற்றோர் வரும் கோடையில் இரண்டாவது காரையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏரிக்கரையில் ட்ரெய்லரை நிறுத்திவிட்டு ஊர் சுற்றவும் அது உதவும். டகோமா, ரேஞ்சர் மாதிரி நடுத்தர ட்ரக்குகள் இரண்டு பேர் சின்ன ட்ரெய்லரோடு போவதற்குச் சரி, உங்களுக்கு வேண்டாம். எந்த ட்ரக்காக இருந்தாலும் ட்ரெய்லரின் பிரேக்கை ட்ரக்கிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் கம்பெனியிலேயே பொருத்தியதாகப் பாருங்கள். ஹிட்ச் மேலேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதையும் படியுங்கள். எஃப்-150 மாதிரி ஹாஃப் டன் ட்ரக்குகள் பலவற்றில் வெறும் ஹிட்ச்சுக்கு டங் வெயிட் 500 பவுண்ட் வரைதான் அனுமதி, எடை பகிரும் ஹிட்ச் போட்டால்தான் அதற்கு மேல்.

வாங்கிய பிறகு முதல் பயணத்துக்குச் சாமான் எல்லாம் ஏற்றி, குடும்பத்தையும் ஏற்றி, ஹைவே ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடை மேடைக்குப் போங்கள். முன்சக்கரம் முதல் மேடையில், பின்சக்கரம் இரண்டாவதில், ட்ரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்தினால் மூன்று எடையும் தனித்தனியாகச் சீட்டில் வரும். எடை பகிரும் கம்பிகளைத் தளர்த்தி ஒரு தடவை, ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு ட்ரக்கை மட்டும் ஒரு தடவை. இரண்டிலும் ட்ரக்கின் எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் உண்மையான டங் வெயிட். பின் ஆக்சிலின் எடை கதவுத் தூணில் போட்டிருக்கும் ஆக்சில் வரம்புக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரக் கடைசியில் டீலரிடம் போனால் ஐந்தாறு வண்டிகளின் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். எண்களையும் ட்ரெய்லர் மாடலையும் கீழே போட்டால் உட்கார்ந்து கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.