பாத்ரூம் சுவரில் டைல்ஸ் கழன்றால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஷவருக்குக் கீழே இரண்டு டைல்ஸ் கழன்று விழுந்துவிட்டன. உடையவில்லை. ஒயிட் சிமெண்ட் குழைத்து அப்படியே ஒட்டிவிடலாமா?
(வாசகி, அம்பத்தூர்)

ஒட்டலாம், நிற்காது. ஒயிட் சிமெண்ட் இடுக்கை அடைப்பதற்குத்தான். முதலில், விழுந்த டைலின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கலவையே ஒட்டாமல் சுத்தமாக இருந்தால், பதித்த அன்றைக்கே அது பிடிக்கவில்லை. டைலைத் தண்ணீரில் ஊறவைக்காமல் பதித்திருப்பார்கள். சிமெண்ட் இறுகத் தேவையான ஈரத்தை டைல் உறிஞ்சியிருக்கும். நடுவில் மட்டும் ஒரு உருண்டைக் கலவை, மூலைகள் வெறுமை என்றால் அவசரத்தில் செய்த வேலை. டைலோடு சுவர்ப்பூச்சும் சேர்ந்து பெயர்ந்திருந்தால் குற்றம் டைலில் இல்லை, சுவரில்.

அடுத்து, சுவரை நகத்தால் கீறிப் பாருங்கள். மணல் பொலபொலவென்று உதிர்ந்தால் அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு 1:4 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல்) புதிதாகப் பூசி, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்திய பிறகுதான் டைல். பூச்சு கெட்டியாக இருந்தால் சில நாள் அங்கே குளிக்காமல் காயவிட்டால் போதும்.

பழைய கலவையை டைலின் முதுகிலிருந்தும் சுவரிலிருந்தும் செதுக்கி எடுங்கள். பிறகு எதுவும் தடவாமல் டைலைக் குழிக்குள் வைத்துப் பாருங்கள். பக்கத்து டைல்களைவிட 3 முதல் 5 மில்லிமீட்டர் உள்ளே இறங்கி நிற்க வேண்டும். இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. அப்புறம் அந்த ஒரு டைல் மட்டும் துருத்திக்கொண்டு, சோப்பு போடுகிற கையில் தினமும் இடிக்கும்.

குழியில் வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் டைல் அட்ஹெசிவ் தடவிப் பதியுங்கள். மூலை வரை பசை போக வேண்டும். இரண்டு டைலுக்கு 20 கிலோ மூட்டை வாங்காதீர்கள், சின்ன பாக்கெட் கேளுங்கள். அட்ஹெசிவ் என்றால் டைலை ஊறவைக்கக் கூடாது. கொத்தனார் பழக்கதோஷத்தில் வாளியில் போடப் பார்ப்பார், தடுத்துவிடுங்கள். கீழே வழுக்காமலிருக்க டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டு ஜாயிண்ட், அதாவது டைல்களுக்கு நடுவே உள்ள இடுக்கு, அடைக்கலாம்.

உடைந்த டைலின் டிசைன் கடையில் இல்லை. என்ன செய்வது?
(வாசகர், திண்டுக்கல்)

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிற டிசைன்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதே பெயரில் கிடைத்தாலும் பேட்ச் மாறினால் நிறம் லேசாக வேறுபடும். கதவுக்குப் பின்னாலோ பரணுக்கு மேலோ இருக்கிற டைலைப் பெயர்த்து ஷவர் பக்கம் கொண்டுவரலாம் என்பார்கள். முழுசாக வருவது அதிர்ஷ்டம்தான். என் யோசனை: அந்த ஒரு வரிசை முழுவதையும் எடுத்துவிட்டு வேறு நிறத்தில் பட்டையாகப் போட்டுவிடுங்கள். ஒட்டுப்போட்டது போலத் தெரியாது. அளவும் தடிமனும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க, உடைந்த துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

ஒரு டைல் விழுந்தது. தட்டிப் பார்த்தால் சுற்றியுள்ளவையும் டொக் டொக் என்கின்றன. எல்லாவற்றையும் எடுக்கணுமா?
(வாசகி, திருச்சி)

சத்தம் வந்தாலே விழும் என்று கிடையாது. ஆனால் உள்ளங்கையால் அழுத்தும்போது அசைகிறதா, ஜாயிண்டில் கோடு விழுந்திருக்கிறதா? அவற்றை எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது நேராக உளியை வைத்தால் பக்கத்து டைலும் போகும். நான்கு பக்க ஜாயிண்டையும் முதலில் அறுத்துவிட்டு, டைலின் நடுவில் உடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் செதுக்க வேண்டும். குழாய்க்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் பைப் ஓடும். அங்கே டிரில் வேண்டாம். கீசர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம். சுவர் டைல்ஸை மாற்றினால் நிற்குமா?
(வாசகர், வேளச்சேரி)

டைல்ஸ் மாற்றுவதற்கு முன்னால் எங்கே கசிகிறது என்று பாருங்கள். தரையில் தண்ணீர் போகும் டிராப்பைத் துணி வைத்து அடைத்து, இரண்டு விரற்கடை தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். கீழே ஈரம் கூடினால் தரையிலோ டிராப்பைச் சுற்றியோ ஓட்டை. கூடாவிட்டால் ஷவரைச் சுவரில் பீய்ச்சிவிட்டுப் பாருங்கள். அப்போது கூடினால்தான் குற்றம் சுவரில். யாருமே குளிக்காத நாளிலும் ஓதம் வளர்ந்தால் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிற, குழாய்க்கு வரும் பைப்தான். பிளம்பரைக் கூப்பிடுங்கள், கொத்தனாரை இல்லை.

ஜாயிண்டுக்கு எபாக்சி அவசியமா?
(வாசகி, கோவை)

எபாக்சி என்பது இரண்டு பொருளைக் கலந்து இடுக்கில் அடைக்கும் பிசின். ஷவர் சுவருக்கு நல்லது, அழுக்கும் ஏறாது. கலந்தால் அரை மணிக்குள் போட்டு, உடனே துடைக்க வேண்டும்; காய்ந்துவிட்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. சுவரும் தரையும் சேருகிற மூலையில் மட்டும் எபாக்சி வேண்டாம். அங்கே அசைவு இருக்கும், விரிசல் விடும். பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் வைத்துவிடுங்கள்.

வாடகை வீடு. பழைய ஸ்டாண்டைக் கழற்றியதில் டைலில் ஓட்டை மட்டும் இருக்கிறது.
(வாசகர், சேலம்)

டைலை மாற்றவே வேண்டாம். ஓட்டையை நன்றாகக் காயவிட்டு, அதே நிற எபாக்சி அல்லது சிலிக்கான் வைத்து அடைத்து, பிளேடால் மட்டமாக வழித்துவிடுங்கள். பெரிய ஓட்டை என்றால் அதே இடத்தில் இன்னொரு ஸ்டாண்டை மாட்டிவிடுங்கள்.