கழுதையைக் கொஞ்சம் பிடியுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பாட்டி ‘பீன்ஸ், கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி’ என்று மூச்சு விடாமல் முழங்குகிற வீடியோவைப் பேரன் காட்டினான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அந்த அம்மாள் ஒரு சபையின் போதகர் என்கிறானே, நிஜமா? ஆண்டவரைத் துதிக்க இத்தனை சத்தம் எதற்கு?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நிஜம்தான். அவர் பெயர் ஷெர்லி சீசர். வட கரோலினாவின் ராலே நகரில் 1990-இல் சபைப் போதகரானவர். அதற்கு வெகு காலம் முன்பே நற்செய்திப் பாடகியாகப் பெயர் பெற்றவர். பேரன் காட்டியது சில விநாடித் துண்டு. முழுப் பாட்டையும் போடச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதற்குள்ளேயே கிடக்கிறது.

1988-இல் வந்த பாட்டு. பாட்டு என்பதைவிடக் காலட்சேபம் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். ஆர்கன் பின்னால் முனகிக்கொண்டிருக்க, அவர் கதை சொல்கிறார். ஜான் என்றொரு கிழவர். ஆராதனையில் மனம் பொங்கிவிட்டால் ஆர்ப்பரித்துவிடுவார். போய்ச் சேர்ந்ததோ, இருமினாலே திரும்பிப் பார்க்கிற சபை. பெரியவர்கள் கூடிப் பேசி அவர் வீட்டுக்கே போனார்கள். கிழவர் கோவேறு கழுதையைப் பூட்டி உழுதுகொண்டிருந்தார். ‘சத்தத்தை நிறுத்து, இல்லையென்றால் சபையை விட்டு நீக்கிவிடுவோம்’ என்றார்கள். அவர் நிலத்தைக் காட்டினார், எல்லாம் ஆண்டவர் கொடுத்தது என்று. அங்கே என்னென்ன இருக்கிறது என்கிற வரிசைதான் உங்கள் பீன்ஸும் கீரையும். ஆடு, பன்றி, கோழி, வான்கோழி என்று அது இன்னும் நீளும். பிறகு பிள்ளைகளைக் காட்டினார். இவர்களால் ஒருநாளும் கோர்ட்டுக்குப் போனதில்லை, இடுகாட்டுக்கும் போனதில்லை என்றார். ‘உங்கள் கோயிலில் ஆர்ப்பரிக்கக் கூடாதா? சரி, இந்தக் கழுதையைக் கொஞ்சம் பிடியுங்கள், இங்கேயே முடித்துக்கொள்கிறேன்.’

காய்கறி விற்கிற கூவல் என்று நினைத்து நீங்கள் சிரித்தது ஒரு குடியானவர் ஒப்புவித்த நன்றிக் கணக்கு. சத்தம் எதற்கு என்று கேட்டபோது நீங்கள் போய் நின்ற இடம், வயல் வரப்பில் அந்தப் பெரியவர்களுக்குப் பக்கத்தில்.

ஷெர்லி 1938-இல் அதே வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் பிறந்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் பத்தாவது. தந்தை புகையிலைத் தொழிலாளி, பாடகரும்கூட. அவர் சீக்கிரமே காலமாகிவிட, நோயாளித் தாய்க்குத் துணையாக ‘பேபி ஷெர்லி’ ஊர் ஊராகப் பாடினார். 1958-இல் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு ‘கேரவன்ஸ்’ என்ற நற்செய்திப் பாடல் குழுவில் சேர்ந்து எட்டு வருடம் இருந்தார். மைக்கை விட்டு நகராமல் பாடுகிற பழக்கம் இவருக்கில்லை. சபையினர் நடுவே இறங்கிவிடுவார். பெண் பாடலாம், பிரசங்க பீடம் ஏறக் கூடாது என்று பல கறுப்பினச் சபைகளில் இருந்த காலம் அது. பாட்டின் நடுவே ஒரு கதையை வைத்து, அதிலேயே பிரசங்கத்தைப் பண்ணி முடித்தால் யார் என்ன செய்ய முடியும்? கெட்டிக்காரி. கிராமி விருது மட்டும் பதினொன்று வாங்கியிருக்கிறார், 2017-இல் கொடுத்த வாழ்நாள் சாதனை விருதைச் சேர்க்காமல்.

விட்ட படிப்பையும் அவர் விட்டுவிடவில்லை. 1984-இல் ஷா பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் வாங்கினார். 1987 முதல் 1991 வரை டர்ஹாம் நகர மன்றத்திலும் உட்கார்ந்தார்.

அந்த வணிக நிர்வாகம் 2016-இல் கைகொடுத்தது. நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து நெருங்கிய நேரம், ஒருவர் அந்தத் துண்டுக்குத் தாளம் சேர்த்து இணையத்தில் விட, வீட்டுக்கு வீடு ஆடினார்கள். 78 வயதில் சீசர் அம்மாளும் அதை ரசித்தார். அனுமதி கேட்காமல் சிலர் அதைக் காசாக்கத் தொடங்கியதும் வழக்குத் தொடுத்துவிட்டார். போதகர்தானே, மன்னித்துவிடுவார் என்று நினைத்திருப்பார்கள் போலும். கோர்ட்டுக்கே போனதில்லை என்று சொன்னது ஜான்தான், அவரில்லை.