மண் கேள்வி–பதில்

கேள்வி: ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அணு உலை விபத்துக்குப் பிறகு வயல்களின் மேல்மண்ணையே வழித்தெடுத்துவிட்டார்களாமே? அப்புறம் அங்கே விவசாயம் நடக்கிறதா? விளைந்ததை யார் நம்பி வாங்குவார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நடக்கிறது. ஆனால் விளைவிப்பதைவிட விற்பதுதான் பெரும்பாடு.

மண் பரிசோதனைக் கூடத்திலேயே உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். ஐந்து சென்டிமீட்டர் மேல்மண்ணை வழித்தார்கள் என்று படித்தபோது வயிறு எரிந்தது. தலைமுறை தலைமுறையாக எருவடித்துச் சேர்த்த சொத்தல்லவா அது! ஆனால் உலையிலிருந்து பரவிய சீசியம் என்ற கதிரியக்கப் பொருளும் அந்த மேலடுக்கில்தான் ஒட்டிக்கிடந்தது, வேறு வழியில்லை. கறுப்புப் பைகளில் கட்டி வயலோரமே அடுக்கினார்கள். பதிலுக்குக் கொட்டியது சத்தில்லாத மலைமண்.

அந்த மண்ணைத் தேற்றியதில் நம்மூர் விவசாயிக்கும் பழக்கமான பொட்டாஷுக்குப் பெரிய பங்குண்டு. சீசியமும் பொட்டாசியமும் வேதியியலில் ஒரே குடும்பம். மண்ணில் பொட்டாஷ் குறைந்தால் நெல்வேர் சீசியத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் 100 கிராம் மண்ணுக்கு 25 மில்லிகிராமாவது பொட்டாஷ் இருக்கும்படி உரமிடச் சொன்னார்கள். பலன் தெரிந்தது.

இனி நம்பிக்கை விஷயம். 2012 அறுவடை முதல் அந்த மாகாணத்தின் ஒவ்வொரு அரிசி மூட்டையையும் கருவியில் ஏற்றி அளந்தார்கள். மாதிரிக்கு ஒன்றிரண்டு அல்ல, வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி மூட்டை! கிலோவுக்கு 100 பெக்கரல்தான் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வரம்பு. தேறிய மூட்டைக்குச் சீட்டு ஒட்டினார்கள். 2015 அறுவடையிலிருந்து ஒரு மூட்டைகூட வரம்பைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகும் கடைக்காரர்கள் தயங்கினார்கள், விலையைக் குறைத்துக் கேட்டார்கள் என்பதுதான் என் மனசை அறுக்கிறது.

வாங்குகிறவர் நம்புவது ஒருபுறம். அங்கே குடியிருக்கிறவருக்கே முதலில் நம்பிக்கை வர வேண்டும். இவாக்கி நகரத்தைச் சேர்ந்த சுயெட்சுகி என்ற சிற்றூரில் ஜனங்களே கதிர்வீச்சு அளக்கும் கருவியை உடம்பில் மாட்டிக்கொண்டு, எங்கே போனால் அளவு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். அதிகாரி வந்து 'பயப்படாதீர்கள்' என்று சொல்வதைக் காட்டிலும், தன் தோட்டத்துக் காய்க்குத் தானே எண் பார்ப்பது எவ்வளவோ மேல். பரிசோதனை அறிக்கையை விவசாயி கையில் கொடுத்து விளக்கிப் பழகிய எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

காடு மட்டும் இன்னும் பாக்கி. வீடுகளை ஒட்டிய பகுதி தவிர மலைக்காட்டைச் சுத்தம் செய்யவில்லை. பல ஊர்களில் காட்டுக்காளான் விற்கத் தடை நீடிக்கிறது. ஊர் திரும்பியவர்களில் வயசானவர்களே அதிகம். மலைக்குப் போய்க் காளானும் கீரையும் பறித்தே பழகியவர்கள் அவர்கள். அவர்களுக்காகவாவது ஊர்தோறும் அளவுக்கூடங்களை மூடாமல் நடத்த வேண்டும்.