கடலைப் பாடும் கவிதைகளில் பிரிவுத்துயரம் உங்களை உலுக்கியது எதில்?

சங்க இலக்கியமான குறுந்தொகையின் 163ஆம் பாட்டில். பாடியவர் அம்மூவனார். ஐங்குறுநூற்றில் கடற்கரையைப் பாடும் நெய்தல் நூறும் இவர் பாடியதுதான்.

யாரணங் குற்றனை கடலே பூழியர்
சிறுதலை வெள்ளைத் தோடுபரந் தன்ன
மீனார் குருகின் கானலம் பெருந்துறை
வெள்வீத் தாழை திரையலை
நள்ளென் கங்குலும் கேட்குநின் குரலே.

கடலே, உன்னை வருத்தியவர் யார், நள்ளிரவிலும் உன் குரல் கேட்கிறதே என்கிறாள் காதலனைப் பிரிந்திருக்கும் தலைவி. பிரிந்து போனவனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தான் தூங்கவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் அலையோசை காதில் விழுகிறது என்றால் விழித்துக் கிடக்கிறாள் என்றுதானே பொருள்! நீங்களும் யாரையோ ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நான் குளச்சல் பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். ஆனி, ஆடியில் இங்கே கடல் பொங்கினால் ஜன்னல் கம்பியெல்லாம் உப்பேறிப் பிசுபிசுக்கும். மாமியார் செபமாலை சொல்லி முடித்து ஜன்னலை அறைந்து சாத்துவார். "இதற்கு என்ன கேடு வந்ததோ, இப்படிக் கிடந்து அலறுகிறது" என்று கடலைத் திட்டுவார். மகனைப் பற்றி வாய் திறக்க மாட்டார். விளக்கை அணைத்த பிறகும் அவர் புரண்டு படுப்பது எனக்குக் கேட்கும். என்னுடையது அவருக்கும் கேட்டிருக்கும்.

நான் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் அல்ல. கடலுக்குத் துக்கத்தை ஏற்றிச் சொல்வது பழைய உத்தி என்று யாராவது பாடம் எடுக்க வருவார்கள், வரட்டும். வெளிநாட்டுப் பணம் வருகிறதே, உனக்கென்ன துக்கம் என்பவர்களையும் பார்த்தாயிற்று.

பாட்டில் வரும் தாழையை மட்டும் எங்கள் கரையில் தேடாதீர்கள். அரிப்பைத் தடுக்கிறோம் என்று பாறாங்கற்களைக் கொட்டியதில் வள்ளத்தை ஏற்றிவைக்கக்கூட மணல் இல்லை. கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவு ஓர் ஊருக்குக் கிடைத்தால் அடுத்த ஊருக்குள் கடல் ஏறுகிறது. மனு கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். நகல்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்டத் தயார்.