ஆண்டவர் மேல் கோபம்தான் வருகிறது என்றால் விசுவாசம் போய்விட்டதா?

கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் வருகிறது, ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது, இந்த நிலையில் ஆண்டவரை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபத்தை அவரிடமே கொட்டுகிறீர்கள் அல்லவா? அதுவும் ஜெபம்தான் என்பேன்.

வேதாகமத்தில் சங்கீதங்கள் என்று 150 ஜெபப் பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறது. அதுவாவது துதியில் முடிகிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரை இருட்டுதான். முடிவில் ஒரு ஸ்தோத்திரம் சேர்த்து அதை யாரும் சரிசெய்யவில்லை. அப்படியே வேதத்தில் இருக்கிறது.

வேதாகமத்தில் யோபு என்ற நல்ல மனிதன் எல்லாவற்றையும் இழந்து தவித்தான். அவனுடைய சிநேகிதர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள்தான். பேச ஆரம்பித்ததும், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்றார்கள். (இந்த ரகத்தினர் எல்லாச் சபையிலும் உண்டு.) யோபுவையும் ஆண்டவர் கேள்விகளால் துளைத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டது அந்தச் சிநேகிதர்களிடம்.

என் அம்மா படுக்கையில் இருந்தபோது ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப்பேர் எரேமியா 29:11-ஐச் சொன்னார்கள். தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்று வரும் வசனம். நல்ல வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருப்பதை யாரும் சொல்வதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க வழியே இல்லை. எனக்கு அந்த 70தான் தெம்பு கொடுத்தது. நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று நடிக்க வேண்டியதில்லையே! அம்மாவுக்கு மருந்து கொடுக்கலாம், துணி துவைக்கலாம், அப்புறம் அழலாம்.

உடம்பையும் பாருங்கள். "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டு, எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அதுவும் இரண்டு முறை. தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்குப் போனால் மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

சொந்த வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் நம்பகமான ஒருவரிடம் "எனக்காக நீங்கள் ஜெபியுங்கள்" என்று கேளுங்கள். மாற்கு சுவிசேஷம் 2-ஆம் அதிகாரத்தில், உடல் செயலிழந்த ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அங்கே அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது.