பட்டர் ஃப்ரூட் டோஸ்ட்ல புரோட்டீன் எங்க இருந்து வருது?

கேள்வி: அக்கா வணக்கம்ங்க. நாங்க சேலம் அம்மாப்பேட்டை. பையன் பிளஸ் டூ படிக்கறான், காலைல ஆறு மணிக்கே டியூஷனுக்கு ஓடணும், இட்லி வேணாம் அவகாடோ டோஸ்ட் குடு அதுலதான் புரோட்டீன்னு ஒரே பிடிவாதம். ஏற்காடு போய்ட்டு வந்த சொந்தக்காரங்க ஒரு பை நிறைய அந்த அவகாடோ, அதான் பட்டர் ஃப்ரூட், குடுத்திருக்காங்க, எனக்கு பாலும் சர்க்கரையும் போட்டு ஜூஸ் அடிக்கத்தான் தெரியும். தோசைக்கல்லுல பழத்தை வதக்கிப் பாத்தேன், கசந்துடுச்சு. எப்படிங்க செய்யறது?

பதில்: முதல்ல பையன்கிட்ட இதைச் சொல்லிடுங்கம்மா, அந்தப் பழத்துல புரோட்டீன் ரொம்பக் கம்மி. 100 கிராம் சதைல 2 கிராம்தான் வரும். அதுல இருக்கறது நல்ல கொழுப்பு, 15 கிராம் கிட்ட, அப்புறம் நார்ச்சத்து. அதனால பசி தாங்கும், ஆனா புரோட்டீன் வேணும்னா கூட வைக்கறதுலதான் வரணும். ஒரு முட்டைக்கு 6 கிராம், நாமக்கல்லைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நமக்கு முட்டைக்கு என்ன பஞ்சம்!

ரெண்டு முட்டையை வேகப் போட்டுடுங்க, அது வேகறதுக்குள்ள மத்த வேலை முடிஞ்சிடும். ரெண்டு கோதுமை பிரெட்டை தோசைக்கல்லுல லேசா நெய் தடவி ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு எடுத்துக்கோங்க. பழத்தை மட்டும் அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீங்க, சூடு ஏறினா கசந்துடற பழம் அது. பாதிப் பழத்தை ஸ்பூனால வழிச்சு உப்பு, அரை எலுமிச்சை சாறு, பொடியா நறுக்கின சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு முள்கரண்டியால மசிச்சு, ரொம்பக் கூழாக்காம அங்கங்க கட்டி இருக்கற மாதிரி விட்டு பிரெட் மேல தடவுங்க. அதுமேல முட்டையை வட்டமா வெட்டி அடுக்கி, வறுத்த வேர்க்கடலையை ஒண்ணு ரெண்டா இடிச்சு ஒரு ஸ்பூன் தூவி, கடைசியா மிளகு. அதுவும் ஏற்காட்டு மிளகை வாங்கி அப்பவே தட்டிப் போட்டீங்கன்னா அந்த வாசனையே தனி. பிரெட், முட்டை, கடலை எல்லாம் சேத்தா 20 கிராம் புரோட்டீன் வந்துடும், வளர்ற பையனுக்கு நல்ல டிபன்.

புரட்டாசி சனிக்கிழமைல முட்டை ஆகாதுன்னா பன்னீரை உதிர்த்துப் போடுங்க, 50 கிராமுக்கு 9 கிராம் வரும். இல்லாட்டி முந்தின நாள் சுண்டல் கொண்டைக்கடலைல ஒரு கைப்பிடி எடுத்து பழத்தோடயே மசிச்சுடுங்க, எனக்கு முட்டையை விட அதுதான் பிடிக்கும்.

பழத்தைப் பத்தியும் சொல்லிடறேன். இது மரத்துல பழுக்காது, பறிச்ச பிறகுதான் பழுக்கும். விதை போட்டு வந்த மரம்னா மரத்துக்கு மரம் ருசி மாறும், அதனால ஒரே பையிலயே ஒண்ணு வெண்ணெய் மாதிரியும் ஒண்ணு தண்ணியாவும் இருந்தா பயப்படாதீங்க, தண்ணியா இருக்கறதை ஜூஸுக்கு வச்சுக்கோங்க. கல்லு மாதிரி இருக்கறதை ஃபிரிட்ஜ்ல வைக்காம அரிசி டிரம்ல ஒரு வாழைப்பழத்தோட போட்டு மூடுங்க, சீக்கிரம் பழுக்கும். காம்பு ஒட்டியிருந்த இடத்துல லேசா அமுக்கினா அமுங்கணும், அதான் பதம். மீதிப் பாதியை விதையோடவே விட்டு, வெட்டின பக்கம் எலுமிச்சை தடவி காத்து போகாம மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க, மறுநாள் மேலாப்புல கொஞ்சம் கறுத்திருந்தா அதை மட்டும் வழிச்சுப் போட்டுட்டு மீதியைத் தாராளமா சாப்பிடலாம்.