தம்பிக்குக் குரல் கேட்கிறது, பொறுத்துப் பார்க்கலாமா?

வெள்ளவத்தையில் 19 வயதுத் தம்பி இரண்டு மாதமாக நித்திரையில்லாமல், யாரோ தன்னோடு கதைக்கிறார்கள் என்கிறான். தனக்கு ஏதும் செய்துகொள்வானா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்கக் கூடாது. உளமாய நோயில், அதாவது சைக்கோசிஸில், ஆபத்து வருஷக்கணக்காக நோயோடு இருப்பவர்களுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உடலைப் பாரதூரமாகச் சேதப்படுத்திக்கொண்ட சம்பவங்களில் ஏறக்குறையப் பாதி முதல் தடவை நோய் வந்தபோதே நடந்தவை. அவர்களில் பெரும்பாலானோர் அதுவரை ஒரு குளிசைகூட எடுத்ததில்லை.

இன்றைக்கே, தனியாக இருக்கும்போது கேளுங்கள்: "அந்தக் குரல் என்ன சொல்லுது? உனக்கு ஏதும் செய்யச் சொல்லுதா? அதுக்குக் கீழ்ப்படியவேணும் போல இருக்கா? சாகவேணும் என்று நினைச்சியா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. குரல் பொய் என்று வாதாடவும் வேண்டாம். குரல் கட்டளையிடுகிறது, அல்லது கண்ணோ கையோ பாவம் செய்தது, தன்னுடையதே இல்லை என்று சொன்னால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அது இன்றிரவு அவசரம்.

தனியே விடாதீர்கள். அம்மாவின் பிறஷர் குளிசை, அப்பாவின் சீனி வருத்தக் குளிசை, பனடோல் உட்பட எல்லாவற்றையும் பூட்டுங்கள். பூச்சிமருந்தையும் கூரான சாமான்களையும் வீட்டை விட்டே அகற்றுங்கள். தொடர்மாடி என்றால் பல்கனிக் கதவுக்கும் மொட்டைமாடிச் சாவிக்கும் ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

1926 தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணி நேரமும் எடுக்கலாம். உடனடி ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ், இலவசம். அங்கொடை என்றதும் சனம் முகம் சுளிக்கும். அது தேசிய மனநல நிறுவகம், பயம் வேண்டாம். தேசிய வைத்தியசாலைக்கும் கொண்டுபோகலாம். காயம் இருந்தால் முதலில் காயத்துக்கு வைத்தியம். "பொலிஸ் கேஸ் ஆகும்" என்று மறைக்கிறவர்களுக்கு: தற்கொலை முயற்சி இங்கே 1998 முதல் குற்றமில்லை. நூல் கட்டுவதை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. போய் வாருங்கள், ஆனால் டொக்டரைப் பார்த்த பிறகு.

கேட்ட கேள்விக்கு வெளியே ஒன்று. ஆஸ்பத்திரியில் தமிழ்ப் பிள்ளையிடம் சிங்களத்தில் கேட்டு, பதிலை அம்மாவையே மொழிபெயர்க்கச் சொல்லும் பழக்கம் எரிச்சலூட்டுவது. தன்னைக் குத்தச் சொல்லும் குரலைப் பற்றி எந்தப் பிள்ளை அம்மாவின் வாயால் சொல்லும்? தமிழ் தெரிந்த தாதியையோ வைத்தியரையோ கேளுங்கள். இல்லையென்றால் குரல் சொல்வதை அவன் வார்த்தையிலேயே எழுதிக் கொண்டுபோங்கள்.

குளிசை தொடங்கிய முதல் கிழமைகளில் இருக்கமுடியாமல் அங்குமிங்கும் நடந்தால், காலை ஆட்டிக்கொண்டே இருந்தால், நோய் கூடிவிட்டது என்று நினைக்கவேண்டாம். அகத்திசியா என்ற பக்கவிளைவாக இருக்கலாம். அந்தத் தவிப்பே சாகத் தூண்டலாம். நீங்களாகக் குளிசையை நிறுத்தாமல் அன்றே டொக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், தவிப்பைக் குறைக்கும் புரோப்பிரனலோல் என்ற மருந்தைச் சேர்க்கலாம்.

வார்ட்டிலிருந்து வந்த முதல் கிழமைகள் இன்னொரு கண்டம். குரல் அடங்கி, தனக்கு நடந்தது விளங்கி, படிப்புப் போச்சு என்று குமைகிற நேரம் அது. "சுகமாயிட்டான்" என்று குளிசைப் பூட்டைத் திறக்கிறவர்கள் அப்போதுதான் திறக்கிறார்கள். அடுத்த கிளினிக் திகதியைக் கேட்காமல் வார்ட்டை விட்டு வராதீர்கள்.